கிருசாந்தனின் முதுகிலுள்ள பன்னிரண்டு புள்ளிகள் தொடர்பாக

புளியங்குளம்,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்புக்குரிய பிரதம நடுவர் அவர்களுக்கும், அதே ஆளாகிய கனகலிங்கம் மச்சானுக்கும்,

நானும் உங்கள் ஒன்றுவிட்ட தங்கை ஜெகதீஸ்வரியும் அம்மன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். அங்கே மச்சாளும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று கும்பிடுகிறோம். மகன் கிருசாந்தனும் உடம்பால் சுகம். வாயால் என்னோடு பேசுவதில்லை, சனிக்கிழமையிலிருந்து. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உங்களுக்கு நான் மச்சான் முறை என்பதை இதில் ஓரிடத்திலும் பாவிக்கப் போவதில்லை, மச்சான்.

சனிக்கிழமை வவுனியா ஆணழகன் போட்டியில் நடந்ததை நீங்கள் நடுவர் மேசையில் இருந்து பார்த்தீர்கள். நான் சனத்துக்குள் இருந்து பார்த்ததை எழுதுகிறேன். கிருசாந்தன் காலையில் என்னோடு வயலுக்கு வருவான், பின்னேரம் சந்தியிலுள்ள சதீஸின் ஜிம்முக்குப் போவான். இரண்டு வருடமாக இந்தக் கூத்து. சதை வளர்க்கிற ஊசி மருந்து தொடாமல் இயற்கையாக வளர்த்த உடம்புக்கு மட்டும் நடத்துகிற போட்டி என்று சொன்னபடியால் நானும் சரியென்று விட்டேன். பிறகுதான் சதீஸ் ‘மென்ஸ் பிசிக்’ பிரிவின் விதிமுறைத் தாளைத் தந்தான். உரப்பையில் எழுதியிருப்பதைப் படிக்கிற கவனத்தோடு படித்தேன். தோள் அகல வேண்டுமாம், இடுப்பு ஒடுங்க வேண்டுமாம், ஆனால் சதை அளவுக்கு மிஞ்சிப் புடைக்கவும் கூடாதாம். வயிற்றை இறுக்கிக்கொண்டு நிற்க வேண்டும், ஆனால் அந்தக் கஷ்டம் முகத்தில் தெரியக் கூடாதாம், சிரிக்க வேண்டுமாம். கால்சட்டை முழங்காலுக்குக் கிட்ட வரும், காலுக்குப் புள்ளி இல்லையாம். மச்சான், சின்ன வயதிலிருந்து சேறு உழக்கி, வரம்பு கட்டி, நெல் மூட்டை சுமந்து வந்த தொடையை மூடிவைத்துவிட்டு மேற்பாதிக்கு மட்டும் புள்ளி போடுவது என்ன நியாயம்? அதை எழுதினவர் வயலில் இறங்காத ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

ஆறு மாதமாக எங்கள் குசினி ஆஸ்பத்திரிக் குசினி. மூன்று ஏக்கர் நெல் விதைக்கிற வீட்டில் பிள்ளை சோறு தின்னமாட்டான். உப்பில்லாமல் அவித்த கோழியும், நாளைக்குப் பத்து முட்டையின் வெள்ளைக்கருவும்தான். மஞ்சள் கருவை எறிய ஜெகதீஸ்வரிக்கு மனம் வராது, ஆகையால் அது எனக்கு. கிளினிக்கில் டொக்டர் என்னுடைய கொலஸ்ட்ரோல் கணக்கைப் பார்த்துவிட்டு வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டார். மகன் உடம்பு வளர்க்கிறான் என்றேன். அவர் என் வயிற்றைப் பார்த்தார். அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் அவன் நின்று பழகுவதைப் பார்த்துப் பார்த்து முன்பக்கம், இடப்பக்கம், பின்பக்கம், வலப்பக்கம் என்கிற வரிசை எனக்கே பாடமாகிவிட்டது.

போட்டிக்கு ஆறு நாளுக்கு முதல் எங்கள் அம்மன் கோயில் திருவிழா. இவன் முதுகில் கொக்கி போன்ற முள் குத்திக் காவடி எடுப்பான் என்று நான் முந்தியே நேர்ந்து வைத்திருந்தேன். அவனைக் கேட்கவில்லை. நேர்த்தி வைக்கிறபோது யார் பிள்ளையைக் கேட்கிறார்கள்? அவன் வெல்ல வேண்டும் என்றுதான் நேர்ந்தேன், இது அந்த அம்மன் மேல் ஆணை. கிருசாந்தன் முதலில் மறுத்தான். “அப்பா, பின்பக்கம் காட்டேக்கை தோலையும் பாப்பினம். போட்டி முடிய எடுக்கிறன்” என்றான். “உன்ர வெற்றிக்கு நேந்ததடா. அம்மாளோட தவணை பேசலாமோ?” என்று கேட்டேன். அவன் சேட்டைக் கழற்றினான். பன்னிரண்டு முள், பக்கத்துக்கு ஆறு. முள்ளில் கட்டின கயிற்றைப் பின்னால் பிடித்தது நான். வீதி முழுக்க அவன் ஆடின ஆட்டத்தில் என் செருப்பு இரண்டும் எங்கே போனதென்று இன்னும் தெரியாது. ஒரு சொட்டு இரத்தம் வரவில்லை. திருநீறு அப்பினோம், மூன்று நாளில் காய்ந்துவிட்டது.

காய்ந்ததுதான். ஆனால் போட்டியன்று காலையில் சதீஸ் ஒரு மண்ணிறச் சாயத்தைக் கொண்டுவந்து பிள்ளைக்குத் தலைக்குக் கீழே முழுக்கப் பூசினான். மேடை வெளிச்சத்தில் சதை எடுப்பாகத் தெரியுமாம். வயல் வெயிலில் கறுத்தவனுக்கு இன்னும் என்னத்துக்குக் கறுப்பு என்று கேட்டேன், என்னை வெளியே போய் நிற்கச் சொன்னார்கள். அந்தச் சாயம் பன்னிரண்டு துளையிலும் போய்த் தேங்கிவிட்டது. அவன் மேடைக்கு வந்து முன்பக்கம் காட்டினபோது மண்டபம் கை தட்டியது. உள்ளதைச் சொல்கிறேன், என் பிள்ளை இவ்வளவு வடிவென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கண் கலங்கிவிட்டது. பிறகு பின்பக்கம் திரும்பினான். வெளியூரிலிருந்து வந்த நடுவர்கள் இரண்டு பேரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழும்பி வந்து பார்த்தார்கள். ஊசி போட்ட அடையாளம் என்றார்கள். பிள்ளை கோயில் நேர்த்தி என்று உள்ளதைச் சொன்னான். போட்டிக்கு ஆறு நாள் இருக்க முதுகில் முள் குத்துகிற விசரன் இருக்கமாட்டான் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். அவர்களிலும் பிழை சொல்ல ஏலாது. கிருசாந்தனின் முடிவு நிறுத்தி வைக்கப்படுகிறது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நீங்கள், மச்சான்? நீங்கள் மூன்று தரம் காவடி எடுத்த ஆள், முள் குத்தின தடம் உங்களுக்குத் தெரியாதா? தலையைக் குனிந்து தாளில் ஏதோ கீறிக்கொண்டிருந்தீர்கள். உறவுக்காரப் பெடியனுக்காக வாய் திறந்தால் நாளைக்குச் சனம் கதைக்கும் என்று பயந்தீர்கள். விளங்குகிறது. எனக்கு அப்போது கோபம் வந்தது, இப்போது இல்லை, கொஞ்சம்தான் இருக்கிறது.

அந்தக் கோபத்தில்தான் நான் மேடையில் ஏறிச் சேட்டைக் கழற்றினேன். என் முதுகில் இருபது வருடத்துக்கு முந்தின காவடித் தழும்பு இருக்கிறது, அதைக் காட்டினால் பிரச்சினை முடிந்தது என்பதுதான் யோசனை. ஆனால் வெளிச்சம் முகத்தில் அடித்ததும் எனக்கு என்ன நடந்ததோ தெரியாது, முதுகை நேரே காட்டாமல் முன்பக்கம், இடப்பக்கம் என்று பாடமான வரிசையிலேயே திரும்பத் தொடங்கிவிட்டேன். ஒரு கையை இடுப்பில் வைத்துச் சிரித்தேனாம், அது எனக்கு ஞாபகமில்லை, ஜெகதீஸ்வரி சொல்கிறா. சனம் விசிலடித்தது. அறிவிப்பாளர் என் இலக்கத்தைக் கேட்டார், ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பின்னேரம்தான் என்றும் சொன்னார். பின்பக்கம் வருவதற்கிடையில் இரண்டு பெடியள் வந்து என்னைப் பிடித்து இறக்கிவிட்டார்கள். ஆக, காட்ட வேண்டியதை மட்டும் நான் காட்டவில்லை.

பஸ்ஸில் வரும்போது கிருசாந்தன் ஒன்றே ஒன்று சொன்னான். “ஊசி போட்டவன் எண்டு அவை சொன்னதைக்கூடத் தாங்கலாம் அப்பா. நீங்கள் ஏன் ஏறினனீங்கள்?” அதற்குப் பிறகு இன்றுவரை பேச்சில்லை. ஜிம்முக்கும் போகவில்லை. சந்தியில் யாரோ அவனை ‘ஊசி’ என்று கூப்பிட்டிருக்கிறார்கள், அதனால் கடைக்கும் போவதில்லை. வீட்டில் இருந்து சோறு தின்கிறான், மச்சான், ஒரு நேரத்துக்கு இரண்டு சாப்பாட்டுக் கோப்பை குவிய. ஆறு மாதமாக அவன் சோறு தின்னவில்லை என்று அழுத ஜெகதீஸ்வரி இப்போது தின்கிறான் என்று அழுகிறா.

கொழும்புப் போட்டிக்குப் போகிறவர்களின் பட்டியல் வெள்ளிக்கிழமை முடிவாகும் என்று சதீஸ் சொன்னான். ஊசி மருந்து இருக்கிறதா என்று பார்த்த சலப் பரிசோதனையின் அறிக்கை சுத்தமாக வந்துவிட்டதாம். இனி வேண்டியது முதுகுப் புள்ளிகளுக்கு ஒரு விளக்கம், பிரதம நடுவரின் கையெழுத்தோடு. மருந்து அடிக்கிறவன் யாராவது பக்கத்துக்கு ஆறாக அளந்து நடு முதுகில் ஊசி போடுவானா? உடம்பின் இரண்டு பக்கமும் ஒத்திருந்தால் புள்ளி என்று உங்கள் தாளிலேயே இருக்கிறது. அந்த மண்டபத்தில் என் மகனின் முதுகைப் போல ஒத்த முதுகு வேறு இருந்ததா? கோயில் ஐயரின் கடிதமும் காவடிப் படம் இரண்டும் இத்துடன் இருக்கின்றன. இரண்டாவது படத்தில் வெறுங்காலோடு வாயைப் பிளந்து நிற்பது நான், அதைக் கவனிக்க வேண்டாம். சனம் கதைத்தால் கதைக்கட்டும். இருபத்திமூன்று வயதுப் பெடியன் செய்யாத களவுக்குத் தலை குனிந்து இருக்கிறான், அதைத்தான் எனக்குப் பார்க்க ஏலாமல் இருக்கிறது.

மச்சாளைக் கேட்டதாகச் சொல்லுங்கள். பிள்ளைகள் நன்றாகப் படித்து முன்னுக்கு வர வேண்டும். வெள்ளிக்கிழமை வரை உங்கள் பேனைக்கு மை வற்றாதிருக்க அந்தத் தாய் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
உறவைப் பாவிக்காத மச்சான்,
தங்கராசா

பி.கு.: கடித உறையை ஒட்டப் போய்த் திரும்பவும் திறந்து இதை எழுதுகிறேன். மேலே அம்மன் மேல் ஆணையிட்டுச் சொன்னது பொய். அவன் வெல்ல வேண்டும் என்று நான் நேரவில்லை. வென்றால் கொழும்புக்குப் போவான். அங்கே ஒரு ஜிம்மில் அவனுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பிறகு இந்த வீட்டில் நானும் உங்கள் தங்கையும்தான். “தாயே, இவன் தோத்து வீட்டோட இருக்கோணும், முள்ளுக் காவடி எடுப்பிக்கிறன்” என்றுதான் கேட்டேன். தன் வெற்றிக்கென்று நம்பித்தான் அவன் முதுகைக் கொடுத்தான். முடிவை நிறுத்தி வைக்கிறோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னபோது, மச்சான், முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். ஜெகதீஸ்வரிக்கும் இது தெரியாது, நீங்களும் சொல்ல வேண்டாம். இன்று காலை கோயிலுக்குப் போய், கேட்டதைத் திருப்பி எடுக்கிறன், பிழை என்னுடையது, பெடியனை விடு தாயே என்று சொல்லிவிட்டு வந்தேன். அவா விட்டிருப்பா. நீங்களும் கையெழுத்தைப் போட்டு விடுங்கோ. அவன் போகட்டும்.