குகனின் வயிறும் என் கல்யாணமும்

பயந்தாங்கொள்ளிகள் பொய்யே சொல்லக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன்.

வளைகுடாவில், அல் கூஸ் என்ற இடத்தில் ஒரு குடோனில் எனக்கு ஸ்டோர்கீப்பர் வேலை. வீடியோ காலிலேயே நிச்சயம் முடிந்து, கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருந்தபோது எனக்குப் பார்த்த பெண் சுமதி கேட்டாள், "ஜிம்முக்குப் போறேன்னீங்களே, போட்டோ அனுப்புங்க." என் தொப்பையைப் பார்த்தால் கல்யாணமே நின்றுவிடும் என்று நடுங்கிப்போய், ரூம்மேட் குகனை அவனுக்கே தெரியாமல் கழுத்துக்குக் கீழே படமெடுத்து அனுப்பிவிட்டேன். குகன் யாழ்ப்பாணத்துக்காரன், அதே குடோனில் மூட்டை தூக்குகிறவன். மூன்று தட்டுச் சோறு தின்றும் அவனுக்கு சிக்ஸ் பேக். (கடவுளுக்குக் கண்ணே இல்லை!)

படம் அவள் அண்ணன் வரைக்கும் போய்விட்டது. ஊருக்குப் போனால் சட்டையைக் கழற்றச் சொல்வார்களோ என்ற பயத்தில் எனக்குத் தூக்கமே போயிற்று. ஆறு வாரத்தில் அந்த வயிறு எனக்கு வந்தாக வேண்டும். சோற்றை அடியோடு நிறுத்தினேன். காலையில் பத்து முட்டை வெள்ளைக்கரு, சாயங்காலம் வேகவைத்த கோழி, நடுவில் புரோட்டீன் பவுடர். தினமும் முந்நூறு சிட்-அப்.

"மச்சான், உனக்கு விசரே? ரெண்டு வாய் சோறாவது தின்னன்," என்றான் குகன். பைத்தியம் என்று அவன் திட்டியும் நான் கேட்கவில்லை.

நான்காவது வாரம் ஒரு காலை. கீழே கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது, மேல்கட்டிலிலிருந்து என்னால் எழ முடியவில்லை. நெஞ்சுக்குக் கீழே சுரீரென்று வலி, மூச்சை இழுத்தால் உயிர் போகிறது. ஹார்ட் அட்டாக்கேதான்! பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்ததும் அழுதேவிட்டேன். பாவத்தோடு போகக் கூடாதென்று சுமதிக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன்: "நான் போறேன் சுமதி. அந்த வயிறு என்னோடது இல்ல, குகனோடது. மன்னிச்சிடு."

"என்ர வயிறோ?" என்று கீழ்க்கட்டிலில் குகன் துள்ளி எழுந்தான். ஆனாலும் அவன்தான் என்னைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினான்.

டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்தார், வயிற்றை அமுக்கினார், நான் அலறினேன். "ஹார்ட்ல ஒண்ணுமில்ல, வயித்துத் தசை பிடிச்சிருக்கு. வெறும் முட்டையில உடம்பு ஓடுமா? சோறும் வேணும், தசைக்கு ஓய்வும் வேணும்."

நிஜமான பயம் அப்போதுதான் வந்தது. போனில் இரண்டு நீல டிக்; சுமதி கேட்டுவிட்டாள். உடனே சுமதியின் அழைப்பு.

"உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேன்."

என் கல்யாணம் நின்றுவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"அந்தக் குகனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆ... ஆயிடுச்சு," என்று அடுத்த பொய்யைச் சொன்னேன்.

"அப்ப வேற வழியில்ல. ஒழுங்கா சோறு சாப்பிட்டுட்டு வந்து சேருங்க."

இப்போது சுமதியும் இங்கேதான் இருக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் குகன் சாப்பிட வருவான். முதல் தட்டு அவனுக்குத்தான். "நான் கட்டிக்க இருந்த வயிறாச்சே!" என்று சொல்லித்தான் பரிமாறுவாள். என் மகளுக்கு அவன் பெயர் போட்டோ மாமா.