துவக்கின் அடியில் கிடந்த இலக்கம்

இனிமேல் கொக்குவிலில் எல்லாரும் தன்னைத் 'துவக்குக்காரர்' என்றே சொல்லவேண்டும் என்று அருளம்பலத்தார் முடிவு கட்டினார். மாமனார் மலாயாவிலிருந்து கொண்டுவந்த பழைய ரிவோல்வர் துவக்கு, அவர் கண்மூடியபின் வீட்டில் கிடந்தது. லைசென்சை உயிரோடிருக்கும் ஒருவர் பெயருக்கு மாற்றவேண்டும். இல்லாவிட்டால் அரசாங்கம் எடுத்துவிடும். அந்த ஒருவர் தாமே என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. செத்தவரின் ஒரே மகளும் தம் மனைவியுமான பராசக்தி குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்தது அவர் கணக்கில் வரவேயில்லை.

விண்ணப்பத்தில் துவக்கின் இலக்கம் எழுதவேண்டும். ரிவோல்வரில் இலக்கத்துக்கா பஞ்சம்? குழலின் மேலே ஒன்று. குண்டு போடும் உருளையைத் திறந்தால் உள்ளே இன்னொன்று.

"பிடிச்சிட்டன். உள்ளுக்கை ஒளிச்சுக் கிடக்கிறதுதான் உண்மையான இலக்கம்," என்றார்.

"உது சோடி சேர்க்கிற இலக்கமப்பா," என்றாள் பராசக்தி. "எங்கடை குத்துவிளக்கைக் கழட்டிப் பாருங்கோ. எந்தத் துண்டு எதோடை பூட்டுறதெண்டு கன்னான் அடையாளம் வெட்டியிருக்கிறான்."

"அப்ப மேலை கிடக்கிறது?"

"அது துவக்குச் செய்த கொம்பனி காப்புரிமை எடுத்த வருசம். அப்பா சொன்னவர். துவக்கின்ரை இலக்கம் பிடியின்ரை அடியிலை இருக்கும்."

அருளம்பலத்தார் கவிழ்த்துப் பார்த்தார். "இஞ்சை ஊத்தைதான் கிடக்கு."

"ஊத்தைக்குக் கீழை பாருங்கோ."

"உமக்குக் குசினியை விட்டால் என்ன தெரியும்?"

"ஓம், அதுவும் சரிதான்," என்று அவள் உள்ளே போய்விட்டாள். பெண்டாட்டி இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டால் புருசன் பயப்படவேண்டும். அந்தப் புத்தி மனிசனுக்கு இருக்கவில்லை.

அடுத்த கிழமை சால்வையும் நாஷனல் சட்டையுமாக, துவக்கையும் எடுத்துக்கொண்டு அரசாங்கக் கச்சேரிக்குப் போனார். கிளாக்கர் கச்சேரியில் கிடந்த பழைய லைசென்ஸ் பிரதியை எடுத்துப் பார்த்தார். விண்ணப்பத்தைப் பார்த்தார். பிறகு அருளம்பலத்தாரை ஒருமாதிரிப் பார்த்தார்.

"ஐயா, மாமாவின்ரை துவக்குக்கு வேறை இலக்கம். அந்தத் துவக்கு எங்கை?"

"உதுதான் அது."

"இலக்கம் ஒத்துவரேல்லை. அப்ப லைசென்ஸ் இல்லாத உந்தத் துவக்கு எங்காலை வந்தது?"

ஒரு துவக்கோடு வந்தவர் இப்போது இரண்டு துவக்குக்குப் பதில் சொல்லவேண்டியிருந்தது. வாசலில் ஒரு பொலிஸ்காரர் வேறு நின்றார். வேர்வையில் சால்வை நனைந்துவிட்டது.

அந்த நேரம் பராசக்தி உள்ளே வந்தாள். அடுத்த பஸ்ஸில் ஏறி வந்திருக்கிறாள். கைப்பையிலிருந்து பழப்புளியை எடுத்து, பித்தளைச் செம்பு மினுக்குவதுபோலப் பிடியின் அடியைத் தேய்த்துத் துடைத்தாள். இலக்கம் பளிச்சென்று வந்தது. லைசென்சோடு அப்படியே பொருந்தியது.

அருளம்பலத்தாருக்குப் போன உயிர் திரும்பியது. "நானும் அடியிலைதான் எண்டு நினைச்சனான். தாங்கோ தம்பி, வெட்டித் திருத்துறன்," என்று பேனையை எடுத்தார்.

"வெட்டித் திருத்தினால் எடுக்கமாட்டினம், என்ன தம்பி?" என்றாள் பராசக்தி.

"ஓமம்மா, எடுக்கேலாது."

"என்ரை விண்ணப்பம் உங்கைதான் கிடக்கும். போன கிழமை தபாலிலை போட்டனான்."

கிளாக்கர் தபாலில் வந்த கடிதக் கட்டைக் கிளறி எடுத்தார். இலக்கம் ஒரு புள்ளி பிசகாமல் இருந்தது.

"எப்ப பாத்தனீர்?" என்றார் அருளம்பலத்தார் மெல்ல.

"நீங்கள் மத்தியானம் நித்திரை கொள்ளேக்கை. பாத்துப்போட்டு ஊத்தையைத் திரும்பப் பூசி விட்டனான்."

கச்சேரிப் பெரிய அதிகாரியின் அறையில் கையெழுத்து விழுந்தது. அவர் லைசென்சைப் பராசக்தியிடம் கொடுத்துவிட்டு, அவளுடைய கைப்பையைப் பிடித்தபடி பின்னால் நின்றவரைப் பார்த்தார்.

"இவர் ஆர்?"

"துணைக்கு வந்தவர்," என்றாள் பராசக்தி.