மின்மினிக்குத் தண்ணீர் ஊற்றியவள்

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது நான்கு. செத்துப்போன கொழுந்தனாரின் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஆறில் ஒன்றின் மேலும் தீக்காயம் கிடையாது. அடுப்பானாலும் கரிமூட்டமானாலும் நெருப்பு என் பேச்சைக் கேட்கும் என்று ஊருக்குள் பெயர். (ஊர் வைத்த பெயர் இல்லை, நானே வைத்துக்கொண்டது.)

திருச்சுழிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரிக் காடு உண்டு. பல வருஷம் தரிசாகக் கிடந்து சீமைக் கருவேலம் மண்டிவிட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால் மூத்தவன் அதை வெட்டி, அந்த விறகை அங்கேயே மூட்டம் போட்டான். கரி விற்றால்தான் வேர் பறிக்க எந்திரம் வரும், உழவு ஓடும், ஈரம் காய்வதற்குள் குதிரைவாலி விதைக்கலாம். கரி போனால் அந்த வருஷ விதைப்பும் போச்சு.

மூட்டம் என்பது விறகை அடுக்கி, தழையைப் பரப்பி, மேலே ஈரமண் பூசி, உள்ளே தீயைப் புழுங்க விடுவது. காற்று நுழைந்தால் அத்தனையும் சாம்பல். விரிசல் விட்டால் மண்ணை அப்பி அடைக்கலாம். தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது. ஆறு பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தது நான்தான்.

அன்று ஆறாம் நாள். முந்தின நாள்தான் மழை பெய்திருந்தது. மகன் சாக்கு வாங்க அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தான். காவலுக்கு நானும் மருமகள் வள்ளியும். மகளைப் பார்க்க நரிக்குடியிலிருந்து வந்த சம்பந்தியம்மாவும் பேச்சுத் துணைக்குக் காட்டுக்கே வந்துவிட்டார். என் கண்ணில் புரை விழுந்திருந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. (சொன்னால் காவலை வள்ளியிடம் கொடுத்துவிடுவார்களே!)

பொழுது அடைந்ததும் மூட்டத்துக்குப் பின்னால் ஒரு பொறி பறந்தது. கிட்டப் போனேன், காணோம். திரும்பினால் அந்தப் பக்கம் இரண்டு, இந்தப் பக்கம் நான்கு. எங்கே விரிசல் என்று சுற்றிச் சுற்றி வந்தேன். மண்ணைத் தடவிப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பொறியோ கூடிக்கொண்டே போனது.

"மதினி, அது பொறி இல்ல. மினுக்கட்டாம்பூச்சி மாதிரியில்ல தெரியுது" என்றார் சம்பந்தியம்மா.

"ஒங்க நரிக்குடிப் பக்கம் கண்மாய்த் தண்ணி, நெல்லு வயலு. அங்க வேணா பூச்சி பறக்கும். இந்தக் காஞ்ச காட்டுல என்ன பூச்சி?"

"நல்லாப் பாருங்க மதினி, பச்சையா இருக்குல்ல."

"நாப்பது வருசமா நெருப்பப் பாத்தவகிட்ட வந்து கலர் சொல்லாதீக. ஏ வள்ளி, தண்ணி கொண்டா!"

"அத்தே, தண்ணி ஊத்தக்கூடாதுன்னு நீங்கதான..."

"வாய மூடிட்டுக் கொண்டாடி!"

அந்த நேரத்தில் என் புத்தியும் புகைந்துதான் போயிருந்தது. இரண்டு குடம் ஊற்றினேன். மூன்றாவது குடத்தைத் தூக்கும்போது சம்பந்தியம்மாவின் கொண்டையில் பொறி பற்றிக்கொண்டது! குடத்தைப் போட்டுவிட்டு ஓடி, ஓங்கி ஒரு அடி. கொண்டை அவிழ்ந்து, அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். பொறி என் உள்ளங்கைக்கு வந்தது. அணைந்தது, மினுங்கியது. சூடே இல்லை. ஊற வைத்த வெந்தயம் போல் குளுகுளுவென்று ஊர்ந்தது.

"அத்தே, மூட்டம் வாயப் பொளந்துருச்சு!" என்று வள்ளி அலறினாள்.

நனைந்த மண் சரிந்து, காற்று நுழைந்து, இப்போது நிஜப் பொறி பறந்தது. நான் உள்ளங்கையில் பூச்சியோடு நின்றேன். முதலில் எழுந்தது அடி வாங்கியவர்தான். தலைவிரி கோலமாக, பட்டுச் சேலையோடு மண்ணை அள்ளி அள்ளி அப்பினார். பிறகு நாங்களும் அப்பினோம். மகன் வந்து சேர்வதற்குள் பாதி மூட்டம் சாம்பல்.

அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பேத்தி கயல் மறுநாள் விளக்கம் சொன்னாள். பூச்சியின் வயிற்றில் ஏதோ சத்து இருக்கிறதாம். உள்ளே போகிற காற்று அதோடு சேரும்போது வெளிச்சம் வருமாம்.

"ஆனா சூடு வராது அப்பத்தா. சோடி தேடத்தான் அப்பிடி மினுக்குது."

"சோடி தேட என் மூட்டந்தானா அதுக்குக் கெடச்சுச்சு?" என்றேன். ஆனால் மனசுக்குள் ஆச்சரியம்தான். காற்று புகுந்து என் மூட்டம் சாம்பலானது, அந்தத் துளிப் பூச்சிக்கோ அதே காற்றில் சுடாத விளக்கு!

இருந்த கரிக்குப் பாதிக் காடுதான் உழ முடிந்தது. மீதிப் பாதியில் மறுபடி கருவேலம். அதற்குப் பூச்சிக்காடு என்றே பெயர் நிலைத்துவிட்டது. டிராக்டர்காரர்கூட, "பூச்சிக்காட்டுக்கு எப்பத்தான் உழவு?" என்று என்னிடமே கேட்கிறார். வீட்டில் டியூப்லைட் மினுங்கினால் போதும், பேரப்பிள்ளைகள் குடத்தோடு ஓடி வருகிறார்கள்.

எழுத்துக்கூட்டி எழுத எனக்கு நாலு நாள் ஆனது. கயலு, முதலிலிருந்து வாசி. மகளைப் பார்க்க மறுபடி வந்திருக்கிற சம்பந்தியம்மா உள்ளே படுத்திருக்கிறார். பூச்சி என்று முதலில் சொன்னது அவர்தான் என்று எழுதியிருக்கிறேன் பார், அந்த இடத்தை மட்டும் சத்தமாக வாசி. நாலு வருஷமாக அதை என் வாயால் நான் சொன்னதில்லை.