அலமாரியில் ஒரு வறட்சி

வாசகரே, நாய் வளர்ப்பவரைக் கண்டிருப்பீர்கள், கிளி வளர்ப்பவரையும் கண்டிருப்பீர்கள். வறட்சி வளர்ப்பவரைக் கண்டதுண்டா? அவர்தான் கில்லிமீன்காரர்.

கில்லிமீன் சுண்டுவிரல் நீளம்கூட வராது. மழையில் நிரம்பி வெயிலில் வற்றும் குட்டைதான் அதன் வீடு. குட்டை வற்றுவதற்குள் வளர்ந்து, சண்டை போட்டு, ஜோடி சேர்ந்து, சேற்றில் முட்டையிட்டுச் செத்தும் போய்விடும். முட்டைகள் மட்டும் அடுத்த மழைக்காகக் காய்ந்த சேற்றில் கிடக்கும். இதில் மனிதனுக்கு என்ன வேலை? அவர் மனைவியும் அதைத்தான் கேட்கிறாள்.

நம்மவர் பல் மருத்துவர். வாயைத் திறந்து வைத்திருப்பவரால் மறுத்துப் பேச முடியாது. ஆகவே அவருடைய நோயாளிகள் அனைவருக்கும் கில்லிமீனின் இல்லறம் மனப்பாடம்.

அவர் தொட்டியின் கடைசி ஜோடியும் போய்ச் சேர்ந்துவிட்டது. இப்போது மொத்த வம்சமும், வற்றிய குட்டைச் சேறு மாதிரி பிழிந்தெடுத்த தேங்காய் நார்த்தூளுக்குள் முட்டைகளாக, ஒரு பிளாஸ்டிக் பையில், துணி அலமாரியில், மனைவியின் நல்ல புடவைகளைத் தள்ளிவிட்டுப் படுத்திருந்தது. காலையில் எழுந்ததும் பையை முகர்வார். பிறகுதான் காபி.

விருந்தாளியாக வந்த மைத்துனன் நல்லவன். நல்லவர்களால்தான் ஆபத்து.

"மாமா, அலமாரியில உரம் இருந்துச்சே, ரோஜாத் தொட்டியில கொட்டித் தண்ணி ஊத்திட்டேன்."

"உரமா? அடப்பாவி, அது என் குடும்பம்டா!"

"அப்ப நாங்க யாரு?" என்றாள் மனைவி.

யார் காதில் விழுந்தது? நனைந்த முட்டை இப்போதே பொரிந்தால் உண்டு. இல்லையென்றால் வம்சம் அவ்வளவுதான். ரோஜாவைப் பிடுங்கி எறிந்தார், தொட்டி மண்ணைக் குளியலறை பக்கெட்டில் கவிழ்த்தார், பிடித்து வைத்திருந்த மழைநீரை ஊற்றினார், டார்ச்சும் கையுமாகக் குந்தினார். முந்தின நாள் பாதி துளைத்துவிட்ட பல்லோடு ஒருவர் காத்திருப்பதாகக் கிளினிக்கிலிருந்து போன்.

"பல்லு எங்கயும் ஓடிடாதும்மா!"

தண்ணீரில் ஓர் இமைமுடி துடித்தது.

"வந்துடுச்சு!"

"எத்தனை?"

"ஒண்ணு."

"ஒண்ணை வச்சுக்கிட்டு வம்சம் எப்படிங்க?" என்று சிரித்துக்கொண்டே மனைவி குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. டார்ச்சையும் பிடுங்கிக்கொண்டாள்.

தம்பி கதவைத் தட்டினான். "அக்கா, குளிக்கணும்!"

"பக்கத்து வீட்ல போய்க் குளிடா! கத்தாதே, பயந்துடும்!"

அப்புறம்? இரண்டாவது வந்ததா, அது பெண்ணா என்றுதானே கேட்க வாயெடுக்கிறீர்கள்? நினைத்தேன். உங்கள் வீட்டாரிடம் பக்கெட்டுகளை இன்றே எங்காவது ஒளித்து வைக்கச் சொல்லுங்கள்.