உடம்பு ஆறட்டும் டீச்சர்

"கழுத்து பரவாயில்ல சார். இப்ப இடுப்புதான் பிடிச்சிருக்கு" என்றாள் நூபியா டீச்சர்.

எவெலியோவுக்கு மனசு விட்டுப் போனது. அந்தக் கழுத்தை அவர் உயிரைக் கொடுத்துக் குணப்படுத்தியிருந்தார். மனிசாலெஸ் என்ற அந்த மலையூரில் மசாஜ் வைத்தியத்துக்கு அவர் கை பேர்போனது. ஆனால் தொழிலில் ஒரு விதி உண்டு: சிகிச்சைக்கு வருகிறவரிடம் காதல், கல்யாணம் என்று வாயைத் திறக்கக் கூடாது. அவருக்கோ டீச்சர் மேல் கொள்ளை ஆசை. வலி தீர்ந்து அவள் நோயாளி இல்லை என்று ஆகட்டும், மறுநாளே கேட்டுவிடலாம் என்று காத்துக் கிடந்தார்.

"இடுப்பு எப்படிப் பிடிச்சுது?"

"எல்லாம் உங்க பிரம்பு நாற்காலிதான்."

மசாஜ் சூட்டோடு வெளியே போனால் மலைக்காற்று பட்டு வாய் கோணிவிடும் என்பது ஊரறிந்த விஷயம். உடம்பு ஆறும்வரை போர்வையைச் சுற்றிக்கொண்டு, சூடான வெல்லத் தண்ணீரைக் குடித்தபடி அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். கால் மணி நேரம் போதும். எவெலியோ அதை ஒன்றரை மணி ஆக்கியிருந்தார். மேஜையில் படுத்திருக்கும்போது அவருக்கு அவள் வெறும் தசையும் எலும்பும்தான். அதில் மனிதர் நெருப்பு. போர்வைக்குள்ளிருந்து பள்ளிக்கூடத்துக் கதை சொல்லி அவள் சிரிக்கும்போதுதான் பாழாய்ப்போன மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

இடுப்பைச் சரிசெய்தார். நாற்காலிக்குப் பதில் உயரமான முக்காலி போட்டார். காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்ததில் முழங்கால் வீங்கியது.

"கொஞ்சம் சீக்கிரமா அனுப்பக் கூடாதா சார்?"

"காத்து அடிக்குதே டீச்சர்."

"வெளியில வெயில் கொளுத்துது."

"வெயில்லதான் காத்து ஒளிஞ்சிருக்கும்."

முழங்காலையும் குணப்படுத்தி, அவளை மெத்தென்ற சோபாவில் உட்காரவைத்தார். அவள் அதிலேயே தூங்கிப்போனாள். எழுந்தபோது கழுத்து பழையபடி ஒரு பக்கமாகக் கோணி நின்றது.

"ஆரம்பிச்ச இடத்துக்கே வந்துட்டோம் போலிருக்கே" என்று சிரித்தாள்.

எவெலியோவுக்கு அழுகை வந்தது. தன்னிடம் வந்துகொண்டிருக்கும்வரை இவள் நோயாளியாகவேதான் இருப்பாள் என்று அப்போதுதான் உறைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டார்.

"இனிமே நீங்க மேலத்தெரு ரூபியேல்கிட்ட போங்க டீச்சர். மசாஜுக்கு அவரும் நல்ல கைக்காரர்."

அவள் முகம் வாடிப்போனது. "நீங்களும் என்னைத் தள்ளிவிடறீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போர்வையை மடித்து வைத்தாள்.

அந்த வாரம் முழுக்க அந்தச் சோபாவைப் பார்க்கவே அவரால் முடியவில்லை. பார்க்காமலும் முடியவில்லை.

மறுவாரம் இஸ்திரி போட்ட சட்டையும் கையில் கொய்யா மிட்டாயுமாக ரூபியேலின் வாசலில் போய் நின்றார். அவள் இப்போது தன் நோயாளி இல்லை. கேட்பதற்கு யாரும் தடை சொல்ல முடியாது. உள்ளே அவள் குரல் கேட்டதும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்த ரூபியேல் மிட்டாயைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், படியிலேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"அடப்பாவி, நான் கல்யாணம் கேக்கணும்னுதானய்யா அவங்களை முதல்ல உன்கிட்ட வைத்தியத்துக்கு அனுப்பினேன்."