ஆள் வராத சட்டைகள்

ஆளே இல்லாத உடம்புகளுக்குச் சட்டை மாட்டி நிறுத்தி, அவற்றோடு ஒரு தெருவையே குடித்தனம் நடத்த வைத்த டெய்லர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் அளவு பாய். ஏதாவது ஒரு பேய் வழி தவறி அவர் கடைக்குள் நுழைந்திருந்தால்கூட மனிதர் பயந்திருக்க மாட்டார். "வலது தோள் கொஞ்சம் எறங்கி இருக்குதுங்க" என்று இரண்டு குண்டூசி குத்தி, சனிக்கிழமை வரச் சொல்லி அனுப்பியிருப்பார்.

அவருடைய நிஜப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. தெருவில் யாருக்கும் தெரிந்ததாகவும் தெரியவில்லை. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் கண்ணாலேயே அளவெடுத்துவிடுவார் என்பதால் அளவு பாய். கழுத்தில் தொங்கும் டேப் சும்மா ஒரு மரியாதைக்குத்தான்.

அப்போது நான் செல்போன் டவர்களைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். கூனிமேட்டுக்கும் மரக்காணத்துக்கும் நடுவில், ஈ.சி.ஆர். ரோட்டிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு தெருவில் வாடகைக்கு வீடு பிடித்திருந்தேன். எவ்வளவு உயர டவர் என்றாலும் பயமில்லாமல் ஏறுவேன். தரையில் இருக்கும்போதுதான் எனக்கு எல்லா பயமும்.

சாவி வாங்க வந்தது உச்சி வெயிலில். தெருவின் கோடியில் உப்பளம். வெள்ளை வெளேரென்று கண்ணைத் திறக்க முடியாத கூச்சம். உப்பளத்து வரப்பு ஓரமாக ஏழெட்டு ஃபைபர் படகுகள் வரிசையாக நின்றன. கடல் அங்கிருந்து நல்ல தூரம். ஆனால் ஒவ்வொரு படகிலும் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான்.

"ஏங்க, மாடி வீட்டு சாவி யார்ட்ட கேக்கணும்?" என்றேன். பதில் இல்லை. சத்தமாகக் கேட்டேன். அப்போதும் இல்லை. ஊர்க்காரர்களுக்கு என்ன திமிர் என்று நினைத்துக்கொண்டு கிட்டே போனபோது காற்று வீசியது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

ஒருவருக்கும் முகம் இல்லை.

பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். கண்ணில் பட்ட முதல் கடைக்குள் நுழைந்து தையல் மெஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மெஷினில் உட்கார்ந்திருந்த மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். யார், என்ன என்று ஒரு கேள்வி இல்லை.

"மார்பு நாப்பது. கழுத்து பதினஞ்சரை. பயந்ததுல தோள் அரை இன்ச் ஏறிப்போச்சு. உக்காருங்க சார், எறங்கிடும்" என்றார். அதுதான் எங்கள் அறிமுகம்.

தோள் இறங்கிய பிறகு விஷயத்தைச் சொன்னார். அந்தத் தெரு மண்ணில் கத்தரி நாற்று வைத்தால் அது கருவாடாகிவிடும், அவ்வளவு உப்பு. அதனால் கடலுக்குப் போக லாயக்கில்லாமல் உடைந்து கிடந்த படகுகளை இழுத்து வந்து, இடையஞ்சாவடி பக்கமிருந்து செம்மண் அடித்து நிரப்பி, தெருவே சேர்ந்து தோட்டம் போட்டிருந்தது. ஒரு படகில் கத்தரி, ஒன்றில் வெண்டை, ஒன்றில் தக்காளி. புடலைக்கும் பீர்க்கங்காய்க்கும் படகின் மேலேயே பந்தல். போர் தண்ணீரும் உப்பு என்பதால் வீட்டுக்கு ஒரு வாளி அரிசி களைந்த தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற வேண்டும் என்று ஏற்பாடு. வேண்டியவர்கள் வேண்டியதைப் பறித்துக்கொள்ளலாம். யோசனை, உழைப்பு, அதட்டல் எல்லாம் பாயுடையது.

காக்காய்க்கும் மைனாவுக்கும் பயம் காட்டத்தான் பொம்மைகள். பொம்மை என்றால் எல்லா ஊரிலும் கிழிந்த சட்டையைத்தான் மாட்டுவார்கள். பாய் மாட்டியது புத்தம் புது சட்டைகளை. தைக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராமலே போனவர்களின் சட்டைகள்.

"வெளிநாடு போனவன், ஊர மாத்திக்கினு போனவன், மவுத்தாகி மண்ணுக்குப் போனவன். எத்தனை வருசம்தான் ஹேங்கர்ல தொங்கவுடுறது? நம்ம கை தச்ச துணி சார். வெயிலு காத்தாவது பாக்கட்டுமே."

"அதுக்கு மூஞ்சியாவது வரைஞ்சிருக்கலாமே பாய்? மூஞ்சி இல்லாம ஈரக்குலையே நடுங்குது."

"உருவத்துக்கு மொகம் போடுறது எங்களுக்கு ஆவாது. தலைக்குப் பானையோட வுட்டுட்டேன். மொகம் எதுக்கு சார்? தோள் போதும்."

தோள் போதும் என்பது எவ்வளவு பெரிய உண்மை என்று போகப் போகத்தான் தெரிந்தது. வைக்கோலைக் கண்டபடி அடைக்கிற ஆசாமியா அவர்? சட்டைக்குரியவனின் அளவு முழுக்க அவர் மண்டைக்குள் இருந்தது. அந்த அளவுக்குத் தொப்பை, அந்த அளவுக்குக் கூன், அந்தப் பக்கமே சாய்ந்த தோள். முகம் இல்லாத அந்தப் பானைகளைப் பார்த்து, சின்னக் குழந்தைகூட "இது போஸ்ட்மேன் தாத்தா" என்று சரியாகச் சொல்லும்.

அந்தப் போஸ்ட்மேன் பை சுமந்து சுமந்து ஒரு பக்கம் சாய்ந்த மனிதர். நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். உயிரோடு இருந்தபோது ஆண், பெண், வயது எதுவும் பார்க்காமல் எல்லாரையும் "தம்பி" என்றுதான் கூப்பிடுவாராம். "எங்க ஆயாவையே தம்பின்னாரு சார்" என்று பாய் சொல்லிச் சிரிப்பார். போஸ்ட்மேன் நின்றது பீர்க்கங்காய் படகில். பக்கத்துப் படகில், கிளியனூரிலிருந்து வந்து மனை வியாபாரம் பார்த்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போன ஒரு புரோக்கர். அவர் காலடியில் போட்ட பூசணிக்கொடி மட்டும் தன் படகில் ஒரு பிஞ்சுகூட வைக்காமல் அடுத்த படகில் போய்க் காய்த்தது. நான் இட்டுக்கட்டவில்லை, தெருவே சாட்சி.

பாயின் மற்ற கோணங்கித்தனங்களையும் சொல்ல வேண்டும். பழ ஈ கொட்டாமல் இருக்கப் பாகற்காய்க்குத் துணி உறை போடுவது எல்லாரும் செய்வது. பாய் தைத்த உறைக்குக் காலர் இருந்தது. ஒரு பீர்க்கங்காய்க்குப் பாக்கெட்டும் வைத்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "பிட்டு துணி மிச்சம் இருந்துது" என்றார். புடலங்காயை டேப் வைத்து அளந்து, "இது இன்னும் ரெண்டு இன்ச் வளந்தா உங்க பேண்ட் நீளம் சார்" என்பார். அன்றைக்குப் பிறகு நான் புடலங்காய்க் கூட்டு சாப்பிடவில்லை.

வெண்டைக்காய் படகில் நின்றவன்தான் முருகையன். அவன் செத்தவன் இல்லை. மீன்பிடி படகில் கூலி வேலைக்கு வளைகுடாப் பக்கம் போனவன். கிளம்பும் முன் ஒரு நீலக் கட்டம் போட்ட துணியைக் கொடுத்து, "வந்து வாங்கிக்கிறேன் பாய்" என்று சொல்லிவிட்டுப் போனானாம். அவன் பெண்டாட்டி கஸ்தூரி எங்கள் தெருவில்தான் இருந்தாள். வாரத்துக்கு ஒரு போன் வந்துகொண்டிருந்தது. பிறகு நின்றுவிட்டது. கூடப் போனவர்களுக்கும் விவரம் தெரியவில்லை. மாதக்கணக்கில் சத்தமே இல்லை.

கஸ்தூரி அழுது நான் பார்த்ததில்லை. காலையில் வாளியோடு வருவாள். வெண்டைக்குத் தண்ணீர் ஊற்றுவாள். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பொம்மையைத் திட்டுவாள்.

"யோவ், மனுசனா நீ? ஒரு போன் பண்றதுக்கு என்னா கேடு? சட்டைய மட்டும் போட்டுக்கினு மாப்பிள்ளை மாதிரி நிக்கிற!"

திட்டி முடித்ததும் காலரைச் சரிசெய்துவிட்டுப் போவாள். "அது நிக்கிற வரைக்கும் அந்த ஆளும் எங்கியோ நிக்கிறாரு பாய்" என்று ஒரு தடவை சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து பாய்க்கு அந்தப் பொம்மை மேல் தனிக் கவலை. கம்பை மாற்றுவார், கயிற்றை இறுக்குவார், கடையில் வாடிக்கையாளரை நிற்க வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பார்.

ஒரு நாள் சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒன்று காட்டினார். பொம்மைகள் எல்லாம் பழைய சைக்கிள் பேரிங் மேல் நின்றதால் காற்றடிக்கும் பக்கம் சுழலும். முருகையன் மட்டும் எந்தக் காற்றிலும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"துரு புடிச்சிருக்கும் பாய்."

பாய் ஒரு விரலால் தள்ளினார். பொம்மை வழுக்கிக்கொண்டு சுற்றி எங்களைப் பார்த்தது. விரலை எடுத்தார். நின்றது. பிறகு அவசரமே இல்லாமல் திரும்பி மறுபடி கடலைப் பார்த்தது. காற்று துளியும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் டீக்கடைக்கு வந்துவிட்டோம்.

அந்த வருடம் புயல் எங்கள் தலைமேல்தான் கரை கடந்தது. கரண்ட் போயிற்று, என் டவரும் செத்தது. விடிந்ததும் டவரைப் பார்க்கக் கிளம்பினேன். பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு படகுகளுக்கு நடுவே சிலை மாதிரி நின்றார். பந்தல்கள் சரிந்திருந்தன. பொம்மைகள் கோணலும் மாணலுமாக நின்றன. வெண்டைக்காய் படகில் மட்டும் கம்பே இல்லை. முருகையன் போயிருந்தான். நீலக் கட்டம் சட்டை, முள்வேலியில் ஈரமாகத் தொங்கியது.

"யா அல்லாஹ். அந்தப் பொண்ணு வருவாளே சார்."

"வேற கம்பு நட்டுடலாம் பாய்."

"வைக்கோலு பூரா சேறு. அதோ பாருங்க, வர்றா!"

தெருமுனையில் வாளியோடு கஸ்தூரி. பாய் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை அதற்கு முன்பே ஒரு முறை பார்த்திருக்கிறேன், மெஷினுக்குப் பின்னால் ஒளிந்த அன்று.

"சார், அவனுக்கும் நாப்பதுதான். அதே தோள். ஏறி நில்லுங்க!"

"பாய், நான் கவர்மெண்ட் இல்லன்னாலும் ஒரு கம்பெனியில சூப்பர்வைசர்."

"அதெல்லாம் அப்புறம் சார்!"

ஈரச் சட்டை என் மேல் ஏறியது. தைத்தது எனக்கே என்பது போல் பொருந்தியதுதான் கொடுமை. பக்கத்துப் புரோக்கரின் பானைத் தலையைக் கழற்றி என் தலையில் கவிழ்த்துவிட்டு, கைகளை இரண்டு பக்கமும் விரித்து வைத்துவிட்டு பாய் ஓடிவிட்டார். பானைக்குள் கரி வாசனை, கும்மிருட்டு, என் மூச்சின் சத்தம். குனிந்தால் கால் மட்டும் தெரிந்தது. காலில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. காலை லேசாக உதறினேன்.

"ஆடாதீங்க தம்பி" என்றது பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல்.

பாய் பக்கத்திலேயே இருக்கிறார் என்ற தைரியத்தில் கல்லாக நின்றேன்.

வாளி வைக்கும் சத்தம் கேட்டது. வழக்கமான திட்டு வரவில்லை.

"ராவெல்லாம் கண்ணு மூடலய்யா" என்றாள் கஸ்தூரி. அவ்வளவு தாழ்ந்த குரலை அவளிடம் நான் கேட்டதில்லை. "கூரை போனாலும் போவட்டும், நீ நிக்கிறியான்னுதான் நெனச்சிக்கினே கெடந்தேன். நிக்கிற. நீ வர வேணாம், சம்பாரிக்க வேணாம். எங்கியாச்சும் இப்படியே நின்னுக்கினு இருய்யா. அது போதும்."

கை ஒன்று என் காலரைச் சரிசெய்தது. பானைக்குள் எனக்குக் கண்ணீர் வழிந்தது. துடைக்கவும் முடியாது.

காலடிச் சத்தம் நாலைந்து எட்டு போய் நின்றது.

"சார், அந்தப் படகுல கட்டெறும்பு ஜாஸ்தி. எறங்கிக்கோங்க."

பானையைக் கழற்றினேன். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடித்தாள் என்று கேட்டேன்.

"அந்த ஆளுக்கு ஏது சார் வாட்ச்சு? வந்தப்பவே பாத்துட்டேன்" என்றாள். "ஆனா தோளு அவரு தோளுதான். அதான் பேசிட்டேன்." வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கடையில் பாய் டீயோடு உட்கார்ந்திருந்தார். "பின்னாடி நின்னு தைரியம் சொன்னீங்களே, அதுக்கு தேங்க்ஸ் பாய்" என்றேன்.

"நானா? நான் அப்பவே இங்க வந்துட்டேனே. அதோட, நான் உங்கள எப்ப சார் தம்பின்னு கூப்ட்டேன்?"

எனக்குப் பின்னால் நின்ற ஒரே ஆள் பீர்க்கங்காய் படகு போஸ்ட்மேன்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு டவரில் ஏறிவிட்டேன். அன்றைக்கு உயரம் எனக்கு ரொம்பவும் பிடித்திருந்தது.

அன்று டவரை அவ்வளவு வேகமாக நான் உயிர்ப்பித்தது கம்பெனிக்காக இல்லை. சிக்னல் வந்த கொஞ்ச நேரத்தில் தெருவில் ஒரு கூச்சல். கஸ்தூரியின் போன் அடித்திருந்தது. முருகையன்தான். அவர்கள் படகு எல்லை தாண்டிவிட்டதென்று அடுத்த நாட்டுக்காரர்கள் பிடித்து வைத்திருந்தார்களாம், முந்தின நாள்தான் விட்டார்களாம். ராத்திரி முழுக்கப் போன் போட்டுப் பார்த்தானாம், லைன் கிடைக்கவில்லை. "அடைச்சி வெச்ச ரூம்புல தினம் காலையில நீ திட்டுறது காதுல கேக்கும்" என்றானாம். கல்யாணமான எவனுக்கும் அது கேட்கும் என்று நான் சொன்னேன். பாய் சிரிக்கவில்லை.

முருகையன் திரும்பி வந்ததும் நேராகச் சட்டை வாங்கத்தான் போனான். ஆள் பாதியாக இளைத்திருந்தான், சட்டை தொளதொளத்தது. பாய் பிடித்துத் தைக்க மறுத்துவிட்டார். "அளவு சரியாத்தான் இருக்குது. நீதான் ஒடம்ப ஏத்திக்கினு வரணும்" என்று ஒரு கூடை வெண்டைக்காயைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

அடுத்த வருடம் எனக்கு மாற்றல் வந்தது. கிளம்புவதற்கு முன் ஒரு துணியைக் கொண்டுபோய்ப் பாயிடம் கொடுத்தேன். டேப்பைத் தொடாமல் ஏற இறங்கப் பார்த்தவர், "தோள் நல்லா எறங்கி இருக்குது சார்" என்றார். அப்புறம் முகத்தைத் திருப்பி நூல் கோக்க ஆரம்பித்தார், ஊசியின் காது அவருக்கு வெகு நேரம் அகப்படவில்லை.

இப்போதும் அவ்வப்போது போன் வரும். "சார், சட்டை ரெடி. எப்ப வர்றீங்க?"

"அடுத்த வாரம் வர்றேன் பாய்."

"அவசரம் இல்ல சார். கத்தரிக்கா படகுல எடம் காலியாத்தான் இருக்குது."

நான் பார்க்காத ஊரில்லை, ஏறாத டவரில்லை. பாயைப் பார்க்க இன்னும் எத்தனையோ தடவை போவேன், ஆனால் அந்தச் சட்டையை மட்டும் வாங்க மாட்டேன். அது அந்தத் தெருவிலேயே நிற்கட்டும்.