பீலியில் பிடித்த முப்பத்திரண்டு

இலங்கை மலைநாட்டில் துரையோடு மோதியவர்கள் உண்டு, கங்காணியோடு மோதியவர்களும் உண்டு. பூமியோடு மோதியவன் எங்கள் முப்பத்திரண்டு ஒருவன்தான். எனக்கு எண்பது தாண்டிவிட்டது. அவன் மேலுள்ள கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை.

பெயரைக் கேட்டுப் பல்லைக் காட்டிக்கொண்டு திரிந்தவன் என்று நினைத்துவிடாதீர்கள். சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்பது போல முகத்தை வைத்திருப்பான். வகுப்பில் எல்லோருக்கும் வந்த அந்த எண் அவனுக்கு மட்டும் வரவில்லை. அதனால் அதையே பட்டப்பெயராக்கினோம்.

ஐம்பதுகளின் கடைசி. கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து அட்டனுக்கு பஸ் ஏறிப் படிக்கப் போனவர்கள் நாங்கள் இருவர். அவனுடைய அம்மா கொழுந்து பறித்தார். என் அப்பா அந்தக் கொழுந்தை நிறுத்து எழுதும் கணக்கப்பிள்ளை.

பௌதிக வகுப்பில் ஒரு பரிசோதனை. மேசை மேல் சரிவுப் பலகையில் உருட்டிய இரும்புக் குண்டு விளிம்பைத் தாண்டி வளைந்து விழும். எவ்வளவு உயரத்திலிருந்து, எவ்வளவு தூரத்தில் விழுந்தது என்று அளந்து பூமியின் இழுவையைக் கணக்கிட வேண்டும். வினாடிக்கு வினாடி முப்பத்திரண்டு அடி என்று விடை வர வேண்டும். கணக்குக்குக் குண்டின் வேகமும் தேவை. அதை அளக்கும் கடிகாரமோ பழுதாகிக் கிடந்தது. ஆகவே வேகத்தை ஒரு சூத்திரத்திலிருந்து எடுத்தோம். அந்தச் சூத்திரத்துக்குள்ளேயே முப்பத்திரண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

இவன் எழுந்து நின்றான்.

"முப்பத்திரண்ட உள்ள போட்டு முப்பத்திரண்டயே வெளிய எடுக்குறோம். இதுக்கு எதுக்குங்க சார் குண்டு?"

மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "வகுப்புக்கே ஒரு பூமி. உனக்கு மட்டும் தனியா ஒண்ணு சுத்துதா?"

"அளக்காம எழுத மாட்டேங்க சார்."

"முப்பத்திரண்டு வரலன்னா என் கையெழுத்து இல்ல. கையெழுத்து இல்லன்னா பரீட்சை இல்ல. திங்கக்கிழமை கடைசி நாள்."

திரும்பும் வழியில் பஸ்ஸில் அவனைத் திட்டித் தீர்த்தேன். "எழுதித் தொலையேன்டா! ஒரு நம்பருதானே?"

"எங்கம்மா நாப்பது ராத்தல் கொண்டாந்தா ஒங்கப்பா முப்பத்தஞ்சுன்னு எழுதுறாரு. அதுவும் ஒரு நம்பருதான்."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவன் சொன்னது உண்மை என்பதுதான் ஆத்திரத்துக்குக் காரணம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு வெகுகாலம் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் எங்கள் வீட்டு வாசலில் நின்றான். "ஒங்கப்பா வாட்ச எடுத்துக்கிட்டு பீலிக்கு வாடா. தண்ணியும் குண்டுதான்."

தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே, மண்மேட்டிலிருந்து மட்டமாக நீட்டிய குழாய்தான் பீலி. அதிலிருந்து தண்ணீரும் வளைந்துதான் விழுகிறது. வாளி நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது, குழாய் வாயின் அகலம் என்ன என்று தெரிந்தால் தண்ணீரின் வேகம் தெரியும். முப்பத்திரண்டைத் தொடவே வேண்டாம். யோசனை அற்புதம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பீலியில் லயமே குடத்தோடு நிற்கும் என்பதை அவன் யோசிக்கவில்லை.

அவன் கையில் கடிகாரம். வாளியைப் பிடித்து, "நெறைஞ்சிருச்சு" என்று கத்துவது என் வேலை. கணக்குப் போட்டால் இழுவை இருபத்தாறு வந்தது. அப்புறம் இருபத்தொன்பது. அப்புறம் இருபத்தேழு. மழையும் வந்தது.

"எத்தன வாட்டிடா ரொப்பி ரொப்பிக் கொட்டுவீங்க?" என்று பொன்னம்மா அக்கா குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினார். "அப்புடி என்னத்ததான் தேடுறீங்க?"

"பூமி எவ்வளவு இழுக்குதுன்னு பாக்குறோம் அக்கா."

"கொழுந்துக் கூடையத் தூக்கிக்கிட்டு மல ஏறிப் பாரு, அது சொல்லும்!"

பெண்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவ" என்றான்.

குழாய் முழு வாயோடு ஓடவில்லை, மேல்பாதியில் காற்றுதான் இருந்தது, அதனால்தான் கணக்குக் குறைந்தது என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு உறைத்தது குளிர் மட்டும். பற்கள் தந்தியடித்தன. நாளைக்குக் கையெழுத்து இல்லாவிட்டால் இவன் படிப்பு போய்விடும். எத்தனை வினாடியில் நிறைந்தால் முப்பத்திரண்டு வரும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டு, உதட்டுக்குள் எண்ணி, வாளி நிறையுமுன்னே "நெறைஞ்சிருச்சு!" என்று கத்தினேன். உடனே தண்ணீரைப் பொன்னம்மா அக்காவின் குடத்தில் கவிழ்த்தேன். அளவில் கை வைப்பது எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்லவே.

அவன் குடைக்கடியில் கணக்குப் போட்டான். என்னை ஒருமுறை பார்த்தான். "முப்பத்திரண்டு" என்றான். அவ்வளவுதான்.

மாஸ்டர் கையெழுத்துப் போட்டார். அவன் பரீட்சை எழுதினான். தேறினான். பிறகு ராகலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் மாஸ்டர் வேலை கிடைத்துப் போனான். பெட்டியை பஸ்ஸில் ஏற்றிவிட்டு நின்றேன். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.

"அன்னைக்கு வாளி ரெண்டு வெரக்கட கொறைச்சல்டா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சேவா எழுதுன? பரீட்சைக்குப் பயந்தா?"

"பரீட்சைக்கு என்ன பயம்? அடுத்த வருசம் எழுதியிருப்பேன். ஒனக்கு ஒதடெல்லாம் நீலம் பாஞ்சிருந்துச்சு. வீட்டுக்குப் போகட்டும்னு விட்டேன்."

பஸ் கிளம்பிவிட்டது.

இப்போது சொல்லுங்கள், எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? ஆயுசில் ஒரே ஒரு பொய் எழுதியவன், அதை எனக்காகவா எழுத வேண்டும்?